தில்லி வாசலில் ஒரு கிஃப்ட் பாக்ஸ்

ரப்பர் பட்டை நின்றது.

என் கைப்பை வெளியே வந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவும் வந்துவிட்டது. பெட்டி மட்டும் இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காவலர் கொட்டாவியைப் பாதியில் விழுங்கினார். பட்டையைப் பின்னால் ஓட்டினார். மறுபடி முன்னால் ஓட்டினார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையைத் தூக்கி, எனக்குப் பின்னால் நின்றவர்களை நகரச் சொன்னார்.

அதுவரை முண்டியடித்துக்கொண்டிருந்த வரிசை மரியாதையாக விலகியது. தில்லிக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அவ்வளவு இடம் விட்டு யாரும் நின்றதில்லை.

"இது யாருடையது?" என்றார்.

"என்னுடையது சார்."

பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பெட்டிக்குள் இருந்தது பட்டாசு. வாசல், ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் வாசல். தீபாவளிக்கு முந்தைய வாரம். அந்த வருடம் தலைநகரில் குண்டு வெடித்து, கடைத்தெருக் குப்பைத்தொட்டிகளைக்கூட அப்புறப்படுத்தியிருந்தார்கள். சினிமாவுக்குப் போனாலும் பையைத் திறந்து காட்ட வேண்டும்.

புத்தியுள்ள எவளாவது அந்த நேரத்தில் வெடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாளா என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க்காரி போவாள். ஏன் என்று சொல்கிறேன்.

சீசனில் வெறுங்கை ஆகாது

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, விருதுநகரில் லாரி செட். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து பட்டாசு லோடு ஏற்றி வடக்கே அனுப்புகிற தொழில். புரட்டாசி வந்தால் வீட்டில் மனுஷர் தங்கமாட்டார். சட்டையில் எப்போதும் வெடிமருந்து வாசம் இருக்கும். அம்மா அதைத் தனியாகத்தான் ஊறவைப்பார்.

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீசனில் எந்த அலுவலகத்துக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது. வங்கி, மின்சார வாரியம், பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ் எதுவானாலும் ஒரு கிஃப்ட் பாக்ஸ் கையில் இருக்கும். கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, தரைச்சக்கரம், சாட்டை, பாம்பு மாத்திரை எல்லாம் அடுக்கி, மேலே சாமி படமோ குழந்தை படமோ போட்ட அட்டைப்பெட்டி. வெளியூரில் இனிப்பு கொடுப்பார்கள். நாங்கள் வெடி கொடுப்போம்.

சின்ன வயதில் அத்தாவோடு சூலக்கரைக்குப் போயிருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் அத்தா இரண்டு கையிலும் பெட்டிகளோடு நடப்பார். வாசல் காவலர் ஓடிவந்து, "பாய், இங்கன குடுங்க, நான் தூக்குதேன்" என்று பாதியை வாங்கிக்கொள்வார். நாலு பேர் பார்க்க மேசை மேல் வைத்துவிட்டு வருவோம்.

அத்தாவுக்கு இதில் ஒரு சட்டம் இருந்தது. "வீட்டுக்குக் கொண்டு போனா அது லஞ்சம். ஆபீசுக்குக் கொண்டு போனா அது மரியாதை" என்பார். ஒளித்துக் கொடுக்கிற எதுவும் அவருக்கு ஆகாது. நானும் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள்தான்.

இன்னொரு பாடமும் லாரி செட்டில் கற்றதுதான். பெட்டியைத் தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதைக் கேட்டிருப்பார்கள். ஒரு அட்டைப்பெட்டியைத் தரையில் தேய்த்து இழுத்ததற்காக லோடு ஏற்றுகிற ஆளை அத்தா அறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பட்டாசு ஆலை வேலைக்குப் போய் வெடிவிபத்தில் திரும்பாதவர்களின் வீட்டுக்கெல்லாம் துக்கம் கேட்கப் போனவர் அவர். உராய்வு என்றால் என்னவென்று அவருக்குப் பாடப்புத்தகம் சொல்ல வேண்டியதில்லை.

சார் கேட்டார்

மதுரையில் முதுகலை கடைசி வருடம். அரை வருடம் தலைநகரில் ஏதாவது ஒரு அலுவலகத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு, அதிகாரியிடம் அறிக்கை வாங்கிவர வேண்டும். எங்கள் வகுப்பில் மூன்று பேருக்கு இடம் கிடைத்தது. நான் ஒருத்தி.

சொந்தக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். குமருப் பிள்ளையை அம்புட்டு தூரம் அனுப்புவதாவது என்றார்கள். அத்தா ஒரே வார்த்தையில் முடித்தார். "நம்ம லோடு வருசா வருசம் டெல்லி போகுது. நம்ம பிள்ள போகக் கூடாதா?"

போனேன். பெண்கள் விடுதி, நகரப் பேருந்து, சப்பாத்தி, முதல் குளிர் எல்லாம் பற்றி இந்தத் தொடரில் போன வாரங்களிலேயே புலம்பித் தீர்த்துவிட்டேன். அலுவலகத்தில் என் வேலை, பொதுமக்கள் எழுதுகிற மனுக்களைப் படித்து நாலு வரியில் சுருக்கித் தருவது. ஜன்னலில் குரங்குகள் வந்து உட்காரும். மதியம் புல்தரையில் வெயில் காய்ந்தபடி கிளார்க்குகள் சீட்டாடுவார்கள். ஐப்பசியில் அந்தச் சாலை முழுக்க ஏதோ ஒரு மரத்துப் பூ மணக்கும். மணம் என்று சொல்ல முடியாது, தலைவலிக்கும்.

எனக்கு மேலதிகாரி ஒரு தமிழர். பெயர் வேண்டாம். சார் என்றே வைத்துக்கொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கம் பூர்வீகம், தில்லியில் இருபது வருட வாசம். முதல் நாள் என் ஊரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"விருதுநகரா? அப்ப இந்த வருஷம் வெடிக்குக் கவலை இல்லை. பசங்க ரெண்டு பேரும் உயிரை எடுக்கறாங்க. இங்கே கிடைக்கறது எல்லாம் புஸ்ஸுன்னு போகுது. நல்லதா ஒரு பாக்ஸ் சொல்லிடும்மா."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். "என்னம்மா, அப்பாகிட்ட சொன்னியா?" என் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அத்தாவிடம் சொன்னேன்.

"நம்ம சங்கரபாண்டி வண்டி டெல்லிக்கு வருது. அவன்கிட்ட குடுத்து விடுதேன்" என்றார் அத்தா.

சங்கரபாண்டி அண்ணன் எங்கள் லாரி செட்டின் மூத்த ஓட்டுநர். சாத்தூருக்குக் கிழக்கே கிராமம். வடக்கே வண்டி எடுக்குமுன் இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனைக் கும்பிட்டு, எலுமிச்சம்பழம் வாங்கிவந்து முன்கண்ணாடியில் வைப்பார். அவர் மறந்தாலும் அத்தா, "அம்மன்கிட்ட சொல்லிட்டியாப்பா?" என்று கேட்டு அனுப்புவார். இருபது வருடமாக தில்லிக்கு வண்டி ஓட்டியும் அவருக்கு இந்தியில் நாலு வார்த்தைதான் தெரியும். அதில் இரண்டு கெட்ட வார்த்தை.

அன்று காலை அவர் ஆட்டோ பிடித்து விடுதி வாசலுக்கே பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பகலில் லாரிகளை நகருக்குள் விடமாட்டார்கள். ஊர் எல்லையில் லாரிகள் நிற்கிற மைதானத்தில் வண்டியைப் போட்டிருந்தார்.

"லோடு எறக்க சாயங்காலம் ஆகும் பாப்பா. பெட்டி பத்திரம். பஸ்சுல யாரையும் பீடி பத்த வச்சு பக்கத்துல உக்கார விடாத."

அம்மா பெட்டியைத் தமிழ்ச் செய்தித்தாளில் சுற்றி, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தார். மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். அதை சாரின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை.

மெதுவாகப் படித்த பெயர்

வாசலுக்கு இடப்புறம் ஒரு சின்ன அறை. ஒரு பெண் காவலர் என் முழங்கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனார். இறுக்கிப் பிடிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

அதற்குள் வெளியே விசில் சத்தம். வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். நாயின் சங்கிலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். கையுறை போட்ட ஒருவர் பெட்டியை மணல் மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வேகமாக விலகினார். நாய் அதை ஒரு சுற்று முகர்ந்தது. முன்னங்காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது.

நாய் உட்கார்ந்தால் என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நரைத்த மீசை, தூக்கம் போதாத கண். என் தற்காலிக அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கினார்.

"ரஹ்மத் நிஷா" என்றார். சற்று நிறுத்தி, "ரஹ்மத் நிஷா" என்றார் மறுபடி. என் பெயரை அதற்கு முன் யாரும் அவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை.

"பெட்டியில் என்ன?"

"பட்டாசு சார். தீபாவளிக்கு."

"நீ தீபாவளி கொண்டாடுவாயா?"

"எங்கள் ஊரில் எல்லோரும் வெடிப்போம் சார்."

அவர் சிரிக்கவில்லை. "யார் கொடுத்தது?"

"அத்தா. என் அப்பா."

"ரயிலில் கொண்டுவந்தாயா?"

"லாரியில் வந்தது."

"லாரியில் இன்னும் என்ன இருக்கிறது?"

உள்ளதைச் சொன்னால், ஒரு லாரி நிறைய வெடி தில்லி எல்லையில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். அந்த அறையில், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை என்னால் சொல்ல முடியவில்லை. சங்கரபாண்டி அண்ணன் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். நாலு ஜீப் போய் நின்றால் அந்த மனுஷன் என்ன சொல்லித் தப்பிப்பார்?

"மேலே எங்கள் சார் இருக்கிறார். அவர் கேட்டுத்தான் கொண்டுவந்தேன். அவரைக் கேளுங்கள்" என்றேன்.

அதைச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு வார்த்தை. "ஆமாம், நான்தான் கேட்டேன்" என்று அவர் சொன்னால் போதும். என்னையும் விட்டுவிடுவார்கள், லாரியையும் யாரும் தேடமாட்டார்கள். அவர் அறை இரண்டாவது மாடியில்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் மேசைத் தொலைபேசியில் எண்ணை அழுத்தினார். சார் கூட்டத்தில் இருக்கிறாராம். காத்திருந்தோம். சுவரில் ஒரு பல்லி ட்யூப்லைட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பெண் காவலர் எனக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். டம்ளர் என் பல்லில் இடித்தது.

மறுபடி எண்ணை அழுத்தினார். இந்தத் தடவை சார் எடுத்தார். எனக்கு ஒரு பக்கத்துப் பேச்சுத்தான் கேட்டது.

"ஆமாம் சார்... பயிற்சிப் பெண் சார்... இல்லை சார், அவள் அப்படித்தான் சொல்கிறாள்... நீங்கள் கேட்கவில்லை... அப்படி எதுவும் சொல்லவில்லை... சரி சார். நன்றி சார்."

ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது. நிஜமாகவே அடைத்துவிட்டது. அவர் அடுத்துக் கேட்ட கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"இழுக்காதீங்க"

ஜன்னலுக்கு வெளியே கனத்த உடுப்புப் போட்ட இருவர் வந்திருந்தார்கள். நீளமான கம்பியின் முனையில் கொக்கி. அம்மா கட்டிய நூலில் கொக்கியை மாட்டி, பெட்டியைக் கருங்கல் தரையில் தரதரவென்று இழுக்கத் தொடங்கினார்கள்.

எழுந்து நின்றுவிட்டேன். "இழுக்காதீங்க. தூக்குங்க" என்று கத்தினேன், தமிழில். பிறகுதான் ஆங்கிலம் வந்தது. "இழுக்க வேண்டாம் சார், தூக்கச் சொல்லுங்கள். தரையில் உரசக் கூடாது."

அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் முன்னைவிடத் தாழ்ந்திருந்தது.

எப்படித் தெரியும் என்று சொல்வேன்? எங்கள் பக்கத்தில் பாலோடு ஊட்டியது என்றா? தெரிந்ததைச் சொன்னது தப்பாகப் போயிற்று. தெரியாத மாதிரி இருந்திருந்தால் பரவாயில்லை போலிருக்கிறது. ஆனால் வெளியே நின்ற அந்த இருவரும் எவர் பெற்ற பிள்ளைகளோ, என்னால் வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே ஏதோ சொன்னார். கொக்கி நின்றது.

அந்த நேரம் பார்த்து மேசை மேல் என் கைபேசி அடித்தது. சின்னத் திரையில் சங்கரபாண்டி அண்ணனின் பெயர் மினுங்கியது.

"யார் இது?"

"லாரி ஓட்டுநர்."

"பேசு. எங்கே இருக்கிறான் என்று கேள்." ஸ்பீக்கரை அழுத்தி என் முன்னால் தள்ளினார்.

அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இன்ஸ்பெக்டர் என் வார்த்தையைக் கேட்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, பெட்டிய சாருக்குக் குடுத்துட்டியா? மொதலாளி கேட்டாக."

"அண்ணே, வாசல்ல பிடிச்சிட்டாக. போலீஸ்ல உக்காத்தி வச்சிருக்காக. வண்டி எங்க நிக்குன்னு கேக்காக. நான் சொல்லல."

போனில் தூரத்தில் ஒரு லாரி ஹாரன் கேட்டது.

"அடிச்சாகளா?"

"இல்லண்ணே."

அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது. இன்ஸ்பெக்டர் திருப்பி அழைத்துப் பார்த்தார். அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் குரல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னது. மறுபடி அழைத்தார். மறுபடியும் அதே குரல்.

"அவனிடம் என்ன சொன்னாய்?"

"நடந்ததைச் சொன்னேன்."

"ஓடிவிட்டான்" என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

அந்த நேரத்தில் என் மனது போன போக்கை மறைக்காமல் சொல்கிறேன். போய்விட்டார், நல்லது, வண்டியும் லோடும் தப்பியது என்று ஒரு பக்கம் நிம்மதி. என்னை இங்கே உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாரே என்று இன்னொரு பக்கம் ஆத்திரம். அத்தாவை நினைத்துக்கொண்டேன். யாராவது அவருக்குப் போன் போட்டு உன் மகளைப் பிடித்துவிட்டோம் என்று சொன்னால், லாரி செட்டில் அத்தனை பேர் முன்னால் அவர் எப்படி நிற்பார்?

பெட்டி திறந்தது

தூக்கித்தான் கொண்டுபோனார்கள். நூலை அறுத்தார்கள். செய்தித்தாளைப் பிரித்தார்கள். மூடியில் தாமரை மேல் உட்கார்ந்த மகாலட்சுமி. கனத்த உடுப்புக்காரர்களில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே அடுக்கினார். வாசல் இயந்திரத் திரையில் வரிசையாகத் தெரிந்திருக்கும் கம்பிகளெல்லாம் கம்பி மத்தாப்பு. சுருள்கள் சக்கரம். குழாய்கள் பூச்சட்டி.

இன்ஸ்பெக்டர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் கடுமை குறைந்திருந்தது. கேள்வி குறையவில்லை.

"சரி, பட்டாசுதான். அப்படியானால் அவன் ஏன் போனை அணைத்தான்?"

மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும் என்றார். லாரியைத் தேட ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மறுபடி ரிசீவரைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் வாசலில் ஒரு சச்சரவு. காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு, மூன்று நாள் தாடி. ஒரு காவலர் நெஞ்சில் கை வைத்துத் தள்ள, அவர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த லாரிக் காகிதங்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பாப்பா, நான் வந்திருக்கேன்னு இவுககிட்ட சொல்லு."

அவரையும் உள்ளே கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எங்கள் லாரி செட்டின் வாசம் அந்த அறைக்குள் வந்தது. அண்ணன் துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏண்ணே போன அமத்துனீக?"

"வண்டிய எடுத்துட்டு ஓடிரலாம்னுதான் அமத்துனேன். பொய் சொல்லப்படாது" என்றார். "சாவியும் போட்டுட்டேன். அப்பறம் பாய்க்கு என்ன பதில் சொல்றதுங்கற நெனப்பு வந்துட்டு. பாய் எழுதிக் குடுத்திருந்த ஆபீஸ் அட்ரச ஆட்டோக்காரன்கிட்ட காட்டி வந்தேன்."

இன்ஸ்பெக்டர் காகிதங்களைப் புரட்டினார். லோடு வாங்குகிற தில்லி வியாபாரிக்குப் போன் போட்டார். அந்த ஆள் இந்தியில் பொரிந்து தள்ளியது வெளியே வரை கேட்டது. சாயங்காலத்துக்குள் லோடு இறங்காவிட்டால் தன் சீசனே போச்சு என்று அவன் போலீசையே மிரட்டினான். அதில்தான் இன்ஸ்பெக்டர் முதல்முறையாகச் சிரித்தார்.

அரைப் பக்கம் எழுதினார். பயிற்சி மாணவி அறியாமையால் பட்டாசு கொண்டுவந்தாள், அதிகாரி கேட்டதாக அவள் சொன்னதை அதிகாரி மறுத்துவிட்டார், எச்சரித்து அனுப்பப்பட்டாள். எனக்குப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். பெட்டியை உடனே வளாகத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னார். பெண் காவலர் எல்லாவற்றையும் மறுபடி அடுக்கி, அறுந்த நூலால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

சார் அப்போதுதான் கீழே வந்தார்.

கடைசியில் வந்தவர்

"என்னம்மா இதெல்லாம்?" என்றார். இன்ஸ்பெக்டருக்குக் கை கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பெண், ரொம்ப நல்ல பெண், உலகம் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே போன்ல முடிச்சிருப்பேனே" என்றார்.

நான் என் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "என் கார் அந்தப் பக்கம் நிக்குது. டிரைவர்கிட்ட சொல்லியிருக்கேன். பாக்ஸை டிக்கியில வச்சிடச் சொல்லு."

சங்கரபாண்டி அண்ணனுக்கு முகம் தெளிந்துவிட்டது. வந்த வேலை முடிந்தது என்று பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். நான் பெட்டியின் மேல் கை வைத்தேன்.

"குடுத்துரு பாப்பா" என்றார் அண்ணன் மெதுவாக. "பெரிய எடம். நமக்கு எதுக்கு வம்பு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இன்னும் இரண்டு மாதம் நான் அந்த அறையில் உட்கார வேண்டும். அறிக்கையில் அவர்தான் எழுத வேண்டும். அதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தது. எல்லாம் தெரிந்தது எனக்கு. ஆனால் காது அடைத்த அந்த ஒரு நிமிடத்தை என்னால் விழுங்க முடியவில்லை.

"இது உங்களுக்கு இல்லை சார்" என்றேன்.

"என்னது?"

"நீங்க எதுவும் கேக்கலைன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டீங்க. அவர் அப்படியே எழுதிட்டார். நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

சார் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் குனிந்து பேனாவுக்கு மூடி போடத் தொடங்கினார். சார் திரும்பி லிஃப்டை நோக்கி நடந்தார்.

அறிக்கையில் பின்னர் அவர் "சுமார்" என்று எழுதினார். மதுரையில் அதற்கு நான் பட்டது தனிக் கதை.

வாசலைத் தாண்டி நாங்கள் பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தோம். அந்த மரத்துப் பூ மணம் அன்று குமட்டியது. அண்ணன் தோளில் பெட்டியோடு திட்டிக்கொண்டே வந்தார்.

"ஒனக்கு வாய் சாஸ்தி. ஒரு பெட்டி தானே, விட்டெறிஞ்சுட்டு வந்தா என்ன? சிவகாசி வெடிய டெல்லிக்குக் கொண்டாந்து, அதத் திருப்பி நானே சிவகாசிக்குக் கொண்டு போகணுமாக்கும். பாய் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஒம் மக போலீசு பாத்துக்கிட்டு இருக்கும்போதே பெரிய ஆபீசர் மூஞ்சியில..."

பாதியில் நிறுத்திவிட்டார். நான் கூட வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சில அடி பின்னால் நான் நின்றுவிட்டிருந்தேன். கண்ணிலிருந்து வந்ததைத் துப்பட்டாவால் அடைக்க முடியவில்லை. சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் திரும்பி வந்தார். பெட்டியைத் தரையில் மெதுவாக இறக்கி வைத்தார். கழுத்திலிருந்த துண்டை எடுத்து என் கையில் திணித்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி, சாலைக்கும் எனக்கும் நடுவில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றுகொண்டார்.

"அளுதுட்டு வா" என்றார், திரும்பாமலே. "லோடு எறக்க இன்னும் நேரம் கெடக்கு."